அமெரிக்க மாநிலங்களின் துப்பாக்கிச் சட்டங்கள்: பிள்ளைகளை அங்கே அனுப்பியிருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

சிலப்பதிகாரத்துக்கும் கர்நாடக இசைக்கும் நடுவே துப்பாக்கிக்கு என்ன வேலை என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கலாம். வள்ளுவர் வான்சிறப்பில் வைத்த துப்பாக்கி வேறு. நான் சொல்ல வந்தது துருக்கிய மொழி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த துப்பாக்கியைப் பற்றி. காரணம் எளிமையானது. தில்லியில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அமெரிக்காவில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு இப்போது அபூர்வம். என் மகள் டெக்சாஸில். மகன் நியூ ஜெர்சியில். டி.வி.யில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி ஓடினால் உடனே போன் போட்டு, "நீங்க எல்லாம் சௌக்கியம்தானே?" என்று கேட்கிறோம். ஆனால் அங்கே சட்டம் என்னதான் சொல்கிறது என்று பேச்சு வந்தால், "அங்கே யார் வேணும்னாலும் வாங்கலாம் சார்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். இது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மையை நம்பினால் விசாவில் இருக்கும் ஒரு பையன் ஜெயிலுக்கே போக நேரலாம். எப்படி என்பதைப் பார்ப்போம்.

நம் ஊர் ஏற்பாடு

முதலில் நம் நாட்டு நிலையைத் தெரிந்துகொண்டால்தான் அவர்கள் நாட்டு நிலை விளங்கும். நான் வங்கி வேலையில் பாதிக் காலத்தை உத்தரப் பிரதேசத்தில் கழித்தவன். அங்கே கிளைக்கு வரும் வாடிக்கையாளர் தோளில் துநாலி என்கிற இரட்டைக்குழல் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு வருவதும், பணம் கட்டிவிட்டு டீ சாப்பிட்டுப் போவதும் சாதாரணம். தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். ரசீதைக் காட்டி என்னிடம் அலுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இந்தக் காட்சிக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு மத்தியச் சட்டம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 5ஆவது இனமாக ஆயுதங்கள் வருகின்றன. 1878இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதுச் சட்டம் வந்தது. அந்த இனபேதம் போயிற்று. ஆனால் அடிப்படைக் கருத்து மாறவில்லை. துப்பாக்கி வைத்துக்கொள்வது நம் உரிமை இல்லை. அரசு தரும் அனுமதி. மாவட்ட ஆட்சியரோ, பெருநகரங்களில் போலீஸ் கமிஷனரோ விசாரித்து, திருப்தி ஏற்பட்டால் தருவார். ஒருவரிடம் மூன்று துப்பாக்கி வரை இருக்கலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸின் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக்கியது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வடநாட்டு வழக்கத்துக்கும் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. குடகு மக்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் வேண்டாம். அந்தச் சலுகையை மத்திய அரசு 2019இல் மேலும் பத்து வருஷத்துக்கு, 2029 வரை நீட்டியது. அதுவும் அரசு கொடுத்த விலக்குதான் என்பதைக் கவனியுங்கள்.

அங்கே எல்லாம் தலைகீழ்

அமெரிக்காவில் கணக்கு நேர் எதிராகத் தொடங்குகிறது. 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது என்கிறது. அதே வாக்கியத்தின் முற்பகுதியில் ஒழுங்கான குடிப்படையைப் பற்றியும் வருகிறது. ஆகவே இது குடிப்படைக்கான உரிமையா, தனி மனிதனுக்கான உரிமையா என்று இருநூறு வருஷத்துக்கு மேல் வாதம் நடந்தது. 2008இல் வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையை ரத்து செய்த ஹெல்லர் வழக்கில், இது தனி மனிதனின் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. 2010இல் சிகாகோ நகரத்து மெக்டொனால்ட் வழக்கில், இந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது.

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அரசு கொடுத்தால்தான் துப்பாக்கி உண்டு. அங்கே சட்டம் எடுத்தால்தான் இல்லை. அதனால் அங்கே உங்கள் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி "எனக்குக் கொடுப்பார்களா?" என்பது அல்ல, "யாருக்குக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, அந்தப் பட்டியலில் நான் இருக்கிறேனா?" என்பதுதான்.

ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். இரண்டாம் இடம் யாருக்கு என்றால் வியப்பாக இருக்கும்: இந்தியாவுக்கு, சுமார் 7 கோடி. அதில் பதிவு பெற்றவை ஒரு கோடிக்கும் கீழே. மீதி எல்லாம் கட்டா முதலான கள்ளத் துப்பாக்கிகள். தலைக்கணக்கில் பார்த்தால் நாம் வெகு தூரம் பின்னால்தான்: அங்கே 100 பேருக்கு 120, இங்கே 100 பேருக்கு 5.

மறைத்து எடுத்துப் போவது

வீட்டில் வைத்துக்கொள்வது ஒன்று. இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது வேறொன்று. சட்டைக்குள்ளோ கைப்பையிலோ பிறர் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துப் போவதை அங்கே கான்சீல்டு கேரி என்கிறார்கள். தெரியும்படி எடுத்துப் போனால் ஓப்பன் கேரி. தெரியாமல் இருப்பதே நல்லது, யாரும் பயப்பட மாட்டார்கள் என்று நமக்குத் தோன்றும். பழைய அமெரிக்கர்கள் அப்படி நினைக்கவில்லை. மறைப்பவன் மனதில் கள்ளம் இருக்கிறது என்று கருதினார்கள். 1813இலேயே கென்டக்கியும் லூசியானாவும் மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் மனோபாவம் மாறியது.

இந்த விஷயத்தில் மாநிலங்கள் மூன்று வகையாக இருந்தன. நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம்.

முதல் வகை, "கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்". அதிகாரி முன்னால் போய், எனக்கு ஏன் தேவை என்று நிரூபிக்க வேண்டும். நியூ யார்க்கின் 1911ஆம் வருஷத்துச் சல்லிவன் சட்டம் இந்த வகைக்கு மூத்த உதாரணம். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகியவையும் இதே வழியில் போயின. நம் ஊர் லைசென்ஸ் முறைக்கு மிக நெருங்கியது இதுதான்.

இரண்டாவது, "கொடுத்தே ஆகணும்". வயது, பயிற்சி, குற்றப் பின்னணி இன்மை போன்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் அதிகாரி மறுக்க முடியாது. 1987இல் ஃப்ளோரிடா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு இது வேகமாகப் பரவியது. இல்லினாய் மட்டும் கடைசி வரை முழுத் தடை வைத்திருந்து, நீதிமன்ற உத்தரவால் 2013இல் இறங்கி வந்தது.

மூன்றாவது, "கேட்கவே வேண்டாம்". சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர் பெர்மிட் இல்லாமலே எடுத்துப் போகலாம். வெர்மாண்ட் ஆதியிலிருந்தே இப்படி. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் சேர்ந்தன. டெக்சாஸ் 2021 செப்டம்பரிலும் ஃப்ளோரிடா 2023 ஜூலையிலும் வந்தன. 2024இல் தெற்குக் கரோலினாவும் லூசியானாவும் சேர, எண்ணிக்கை 29 ஆயிற்று. பாதிக்கு மேல்.

இதில் முதல் வகை இன்று இல்லை. 2022 ஜூனில் புரூவன் வழக்கில், தேவையை நிரூபி என்று கேட்பதே அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. நியூ யார்க்கும் நியூ ஜெர்சியும் வேறு வழி பார்த்தன. பெர்மிட் கொடுப்போம், ஆனால் பள்ளி, ஆஸ்பத்திரி, பூங்கா என்று எடுத்துப் போகக் கூடாத இடங்களின் பட்டியலை நீட்டுவோம் என்று சட்டம் போட்டன. அந்தப் பட்டியலின் மீது பிறகு வழக்குகள் கிளம்பின. உச்ச நீதிமன்றமும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடவில்லை. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைப்பது செல்லும் என்று 2024இல் ரஹிமி வழக்கில் 8க்கு 1 என்ற கணக்கில் சொல்லியிருக்கிறது.

இரண்டு வீடு, இரண்டு சட்டம்

என் மகள் வீட்டுப் பக்கம் டெக்சாஸில் துப்பாக்கி வாங்க மாநில அரசின் லைசென்ஸ் எதுவும் வேண்டாம். லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்கினால் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். கடைக்காரர் 1998 முதல் நடைமுறையில் உள்ள மத்தியச் சரிபார்ப்பு மூலம் உங்கள் பின்னணியைப் பார்ப்பார். தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் அந்தச் சரிபார்ப்பும் அங்கே கட்டாயமில்லை. ஆனால் கடை வாசல்களைப் பாருங்கள்: 30.06 என்று எழுதிய பலகை இருந்தால் மறைத்த துப்பாக்கியோடு லைசென்ஸ்காரர் உள்ளே வரக் கூடாது; 30.07 என்றால் தெரியும்படி எடுத்து வரக் கூடாது. மதுக்கடையில் சிவப்பாக 51% என்று இருக்கும். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது, துப்பாக்கிக்கு இடமில்லை என்று அர்த்தம். இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஏதோ தள்ளுபடி விற்பனை என்று நினைக்க வேண்டாம்.

பெர்மிட் வேண்டாம் என்றான பிறகும் டெக்சாஸில் பலர் அதை வாங்குகிறார்களே, ஏன்? டெக்சாஸ் பெர்மிட்டை ஏற்கும் பிற மாநிலங்களுக்குப் போகும்போது அது வேண்டும். இன்னொன்று, பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டம் அந்த மாநிலத்து லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்குத் தருகிறது, இல்லாதவருக்குத் தருவதில்லை.

மகன் இருக்கும் நியூ ஜெர்சியில் கதையே வேறு. ரைஃபிள் வாங்கவே உள்ளூர்ப் போலீஸிடம் கைரேகை கொடுத்து, இரண்டு பேரைச் சாட்சி சொல்ல வைத்து அடையாள அட்டை வாங்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெர்மிட். எடுத்துப் போக இன்னொரு பெர்மிட். பெர்மிட் இல்லாமல் கையில் இருந்தால் பல வருஷச் சிறை.

இதில்தான் ஆபத்து. ஒரு மாநிலத்தின் பெர்மிட்டை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் கிடையாது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்தார். 2013இல் காரில் நியூ ஜெர்சிக்குள் வந்தபோது போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கியும் பெர்மிட்டும் இருக்கிறது என்று தானே முன்வந்து சொன்னார். உடனே கைது. குறைந்தபட்சம் மூன்றரை வருஷச் சிறை என்ற நிலை வந்தது. நாடெங்கும் பேசப்பட்ட பிறகு சிறையிலிருந்து தப்பினார். 2015இல் ஆளுநர் மன்னிப்பும் கிடைத்தது. அவர் தாண்டியது ஒரு நதியைத்தான். இந்தக் கரையில் உரிமை, அந்தக் கரையில் குற்றம்.

வழியில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகிறவர்களுக்கு 1986இன் மத்தியச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். குண்டு போடாமல், கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

விசாக்காரர்களுக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், யாருக்குக் கூடாது என்ற மத்தியப் பட்டியல் ஒன்று எல்லா மாநிலத்துக்கும் பொது. கடுங்குற்றத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவர் ஆகியோரோடு, தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டவரும் அதில் இருக்கிறார்கள். எஃப்-1 மாணவர், ஹெச்-1பி பொறியாளர், பி-2இல் பேரனைப் பார்க்கப் போகும் நாம் எல்லாரும் சேர்த்தி. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு 15 வருஷம் வரை சிறை. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும், வேட்டைக்கோ போட்டிக்கோ என்றே அனுமதி பெற்று வந்தவருக்கும் விலக்கு உண்டு.

வார இறுதியில் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய், வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுட்டு, போட்டோ எடுத்துப் போடும் பிள்ளைகள் நம்மில் உண்டு. அந்த நேரத்துக்கு அந்தத் துப்பாக்கி அவன் கையில் இருப்பதாகவே சட்டம் பார்க்கும். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலிருந்து ஃப்ளோரிடாவில் படிக்க வந்த மாணவர் ஒருவர் மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். விசா நிலை போய்விட்டது. பிறகு ரேஞ்சில் சுட்டார். 18 மாதத் தண்டனை விழுந்தது. ரிஹைஃப் வழக்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தன் விசா நிலையை அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பானது. சட்ட நுணுக்கத்தில் பெரிய வெற்றிதான். ஆனால் ஒரு மாணவனின் வருஷங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

கிரீன் கார்டு வந்தவர் வாங்கலாம். ஏறக்குறைய குடிமகனுக்கு உள்ள உரிமைதான். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. குடியுரிமை வரும்வரை ஜாக்கிரதை வேண்டும்.

போய்த் தங்கும் பெற்றோருக்கு

அங்கே பல மாநிலங்களில் தன் வீட்டையும் உயிரையும் காக்கச் சுடலாம் என்ற சட்டப் பாதுகாப்பு அகலமானது. 1992இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஹாலோவீன் விருந்துக்கு வழி தவறி வேறு வீட்டுக் கதவைத் தட்டிய 16 வயது ஜப்பானிய மாணவன் சுடப்பட்டு இறந்தான். நில் என்று வீட்டுக்காரர் போட்ட ஆங்கில அதட்டல் அவனுக்குப் புரியவில்லை என்கிறார்கள். சுட்டவரை ஜூரி விடுவித்தது. 2023இல் கான்சாஸ் சிட்டியில் தம்பிமாரை அழைத்துவரப் போய்த் தப்பான வீட்டு மணியை அடித்த 16 வயதுப் பையனும் சுடப்பட்டான், உயிர் பிழைத்தான். அச்சில் வார்த்தாற்போல வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்புகளில் நாம் காலை நடை போகிறோம். வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் எந்த வாசலிலும் ஏறாமல் தெருவில் நின்று போன் செய்யுங்கள். காரைப் போலீஸ் நிறுத்தினால் பாஸ்போர்ட் எடுக்கிறேன் என்று பைக்குள் கையை விட வேண்டாம். கை தெரியும்படி உட்கார்ந்து, கேட்டபின் சொல்லிவிட்டு எடுங்கள்.

பேரக் குழந்தை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்பது அங்கே அநாகரிகம் இல்லை. டெக்சாஸிலேயே 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி வைப்பது குற்றம். இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர்; அதில் பாதிக்கு மேல், சுமார் 27,300 பேர், தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். செய்தியில் வரும் பள்ளிக் கொடுமைகளை நினைத்தே நாம் பயப்படுகிறோம். மனம் சோர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில் அந்தப் பொருள் இல்லாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

கடைசியாக நம் விமான நிலையம். பேரன் ஆசையாகக் கொடுத்த தோட்டா, கடன் வாங்கிய பெட்டியின் மூலையில் கிடந்த தோட்டா என்று தில்லி விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தன்னிடம் இருப்பதைத் தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்ற அடிப்படையில் தில்லி உயர் நீதிமன்றம் இப்படிப் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. அதற்குள் வக்கீல், ஜாமீன், வாய்தா என்று அலைச்சல். ஆகவே பெட்டியைக் கட்டுமுன் ஒவ்வொரு பையின் மூலையையும் தடவிப் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். "உன் விசா என்ன வகை, நீ ரேஞ்சுக்குப் போறது உண்டா?" என்பது ஒன்று. "வீட்டுல துப்பாக்கி இருக்கா, இருந்தா சாவி யார்கிட்ட?" என்பது மற்றொன்று. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பதிலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.